தொட்டிலுக்கு அருகே ஒரு பள்ளி

(கோவை உக்கடத்தில் பெற்றோர் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரை)



பள்ளி என்றவுடன் கண்முன் வந்து நிற்பவை எவை? மதிலும் வாயிலும், மணியும் சீருடையும், கரும்பலகையும் ஆசிரியரின் மேசையும் அல்லவா? ஆனால் குழந்தையின் முதற் பள்ளிக்கு மதிலும் இல்லை, மணியும் இல்லை. அது தாயின் மடியில் தொடங்குகிறது, அடுப்பங்கரையில் வளர்கிறது, வாயிற்படியில் விரிகிறது. அந்தப் பள்ளியைப் பற்றியே இன்றைய பேச்சு. அதுவும், ஒரே குழந்தை அமைதியாக அமர்ந்து படிக்கும் பெருவீட்டைப் பற்றியன்று. ஆறு அகவைப் பிள்ளை எழுத்துக் கற்க, மூன்று அகவைப் பிள்ளை அதன் சுவடியைப் பிடித்து இழுக்க, கைக்குழந்தை தொட்டிலில் வீறிட்டு அழும் எளிய வீட்டைப் பற்றி!

உக்கடம் பெரியகுளத்தை ஒட்டிய தெருக்களில் அத்தகைய வீடொன்றை உள்ளத்தில் வரைந்து பாருங்கள். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. தந்தை விடியலிலேயே வேலைக்குச் சென்றுவிட்டார். தாய் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். மூத்தவள் பெண், நடுவன் ஆண், இளையது தவழும் குழந்தை. மூத்தவளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாமே என்று அத்தாயிடம் சொன்னால் என்ன விடை வரும்?

“எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கறதுங்க?”

இந்த ஒரு விடைக்குள் ஒரு தலைமுறையின் தோல்வி அடங்கிக் கிடக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த, கணக்குத் தெரிந்த, நூறு கதை தெரிந்த ஒரு தாய், தன்னைக் கல்லாதவள் என்று எண்ணுகிறாள். அவளிடம் இல்லாதது அறிவன்று, ஆங்கிலம் மட்டுமே. ஆங்கிலவழிக் கல்வி பிள்ளையின் நாவிலிருந்து தமிழைப் பறித்தது என்று மட்டும் பேசிக் கொண்டிருக்கிறோம். தாயிடமிருந்து ஆசிரியப் பொறுப்பையே அது பறித்துக் கொண்டதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? 2012-13ஆம் கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் புகுந்தபின், ஏழை வீட்டுத் தாயும் இந்த இழப்புக்குத் தப்பவில்லை.

இதனை நாடே கண்கூடாகக் கண்ட காலம் ஒன்றுண்டு. 2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாக் கொள்ளைநோயின் அச்சத்தால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் திறந்தன. ஓராண்டுக்கும் மேலாக, ஏறத்தாழ இருபது திங்கள், ஒவ்வொரு வீடும் விரும்பியோ விரும்பாமலோ பள்ளியாயிற்று. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதைச் சுற்றிப் பல பிள்ளைகள். பாடம் தாயின் மொழியில் இருந்த வீட்டில், கைப்பேசி ஓய்ந்தாலும் தாய் பாடத்தைத் தொடர முடிந்தது. பாடம் அயல்மொழியில் இருந்த வீட்டில், அவள் அடுப்புக்கும் தொட்டிலுக்கும் இடையே வாய் மூடி நின்றாள். தன் வீட்டில், தன் பிள்ளையின் முன், தானே அயலாள் ஆன கொடுமையை என்னென்பது!

அந்த இழப்பை ஈடுகட்டத் தமிழ்நாட்டரசு செய்தது என்ன? 2021 அத்தோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர், மாலை வேளைகளில் தெருத்திண்ணையிலும் வீட்டு முற்றத்திலும் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். அவர்களிற் பெரும்பாலார் பெண்கள். தெருவில் நம்மோடு வாழ்பவர்கள். கல்வி மீண்டும் வீட்டு வாயிலுக்கே வந்து நின்றது. வீடு கல்விக்கு ஆகாத இடம் என்றால் அரசு ஏன் அங்கே வர வேண்டும்?

வீட்டுக் கல்வி இந்நாட்டுக்குப் புதியதன்று. 1822ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ, மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். கோவைக்கு அப்போது ஆட்சித்தலைவராக இருந்தவர், உதகை நகரை உருவாக்கிய சான் சல்லிவன். அன்றைய கோவை மாவட்டத்தில் மட்டும் 763 பள்ளிகள் இருந்தனவாகக் கணக்கு வந்தது. மாகாணம் முழுமைக்கும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணாக்கர். 1826இல் மன்றோ எழுதிய குறிப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. சென்னை நகரில் வீட்டிலேயே கற்கும் பிள்ளைகள் 26,000-க்கும் மேற்பட்டோர் என்றும், அது பள்ளியிற் கற்போரைப் போல் ஐந்து மடங்கு என்றும் கணக்குக் காட்டப்பட்டது. அந்த எண் மிகை என்று மன்றோவே ஐயுற்றார். ஐயம் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டில் கற்பதும் கல்வியே என எண்ணிக் கணக்கில் வைத்த காலம் ஒன்று இருந்ததே, அதுதான் கருதத்தக்கது. அக்கல்வி எல்லார்க்கும் எட்டவில்லை என்பதையும் மறைக்க வேண்டா. பெண்பிள்ளைகள் அப்பள்ளிகளில் மிகச் சிலரே. சாதிவேலி கடக்க முடியாமல் வெளியே நின்றோர் பலர். பழமையைப் போற்றுவோர் அதன் கறையையும் சேர்த்தே அறிதல் வேண்டும்.

இன்னும் அணுகி வருவோம். தனித்தமிழ் இயக்கம் எங்கே தோன்றியது? மன்றத்திலா? மாநாட்டு மேடையிலா? பல்லாவரத்தில், மறைமலையடிகளின் இல்லத்தில்! அவர் 1916ஆம் ஆண்டில் தம் மகள் நீலாம்பிகையோடு வள்ளலாரின் பாடலொன்றை நுவன்று கொண்டிருந்தார். அப்பாடலில் ‘தேகம்’ என்னும் வடசொல் வந்தது. அவ்விடத்தில் தமிழ்ச்சொல் நின்றிருந்தால் எத்துணை இனிமையாக இருந்திருக்கும் என்று தந்தை எடுத்துரைக்க, இனி நாம் ஏன் தூய தமிழிலேயே பேசலாகாது என்று மகள் கேட்டார். அப்போது அவருக்கு அகவை பதின்மூன்று. வேதாசலம் மறைமலை ஆனதும், ‘ஞானசாகரம்’ அறிவுக்கடல் ஆனதும் அதன்பின் விளைந்தவை. பின்னாளில் வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் காட்டும் அகரவரிசையை நீலாம்பிகையாரே தொகுத்து அளித்தார். உடன்பிறந்தார் பலரோடு வளர்ந்தவர் அவர். ஆக, ஓர் இயக்கமே ஒரு வீட்டுப் பாடத்திற் பிறந்தது! தந்தையும் மகளும் பேசிய சில சொற்கள் ஒரு நூற்றாண்டைத் திருப்பின. வீட்டுப் பேச்சை எளியதென்று எண்ணலாமா?

சரி, சிறு குழந்தைகள் இடையிற் புகுந்து கெடுக்கும் வீட்டில் எவ்வாறு கற்பிப்பது? இதற்கு விடை சொல்ல ஒரு வெள்ளையரின் கதை உதவும். இசுக்காட்டுலாந்தைச் சேர்ந்த ஆண்டுரு பெல் என்பவர் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் படைவீரரின் மகப்பேறுகளுக்கென அமைந்த ஆதரவிலார் இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் உள்ளூர்ப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்தெழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைச் செய்யுமாறு ஆசிரியர்களைக் கேட்டார். அவர்கள் உடன்படவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? எட்டு அகவைச் சிறுவன் ஒருவனை அழைத்துச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கச் சொன்னார். ஆசிரியர் மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குக் கற்பிக்கும் இம்முறையைப் பெல் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவிற்று. இசுக்காட்டுலாந்தின் செயிண்ட் ஆண்டுரூசு நகரில் அவர் விட்டுச் சென்ற பொருளால் எழுந்த பள்ளி இன்றும் சென்னையின் பழம்பெயரைத் தாங்கி ‘மெட்ராசுக் கல்லூரி’ என்றே நிற்கிறது.

நம் திண்ணைப் பள்ளியில் இது புதுமையா? சட்டாம்பிள்ளை என்று ஒருவனை அமர்த்தி, முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லும் வழக்கம் நம்மூரில் ஊறிய வழக்கம். அயலான் நம்மிடம் கற்று, ஊர் கூட்டி, பெயர் சூட்டி வைத்துக் கொண்டான். நாமோ மணலையும் மறந்தோம். சட்டாம்பிள்ளையையும் ஏளனம் செய்தோம்.

தாய்மாரே! உங்கள் வீட்டு முறத்தில் இரண்டு கைப்பிடி மணலைப் பரப்புங்கள். சுவடி கிழியும் என்ற கவலை இல்லை; எழுதுகோலைச் சின்னவன் கடிப்பான் என்ற அச்சம் இல்லை; சுவரெல்லாம் கிறுக்கல் இல்லை. முதலில் ‘ட’ எழுதச் சொல்லுங்கள். நிற்கும் கோடு ஒன்று, கிடக்கும் கோடு ஒன்று, எழுத்து முடிந்தது! இன்னொரு நிற்கும் கோட்டைச் சேர்த்தால் ‘ப’. அதன் பின் ‘ம’. புள்ளி வைக்கக் கற்றுவிட்டால் இம்மூன்றைக் கொண்டே படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்கள் பிறக்கும். மூன்று எழுத்துக் கற்ற அன்றே பிள்ளை சொல்லைப் படித்துவிடும்; படித்த சொல்லின் பொருளையும் அறிந்துவிடும். ஆங்கில எழுத்தை முதலிற் கற்கும் நம் பிள்ளைக்கு இந்த இன்பம் கிட்டுமா? எழுத்தையும் அறிந்து, ஒலியையும் அறிந்து, சொல் மட்டும் ஊமையாய் நிற்குமன்றோ!

இனி, ‘அம்மிணி, தம்பிக்கு அந்த எழுத்தைக் காட்டு கண்ணு’ என்று மூத்தவளிடம் சொல்லுங்கள். அவள் காட்டுவாள். தம்பி கோணலாகக் கோடிழுப்பான். அவள் திருத்துவாள். திருத்தும்போது அவள் இரண்டாம் முறை கற்கிறாள். கெடுக்க வந்தவன் என்று நீங்கள் எண்ணிய சின்னவனே அவளுக்கு முதல் மாணாக்கன்! பாடத்தைக் குலைப்பவனாக அவனை விலக்கினால் அவன் அழுவான். பாடத்துக்குள் அழைத்தால் அமர்வான்.

நாளை எவ்வாறு பகுத்துக் கொள்வது? காலையில் வாயில் தெளித்துக் கோலம் இடும்போதே கணக்குத் தொடங்கட்டும். ஊடுபுள்ளிக் கோலத்தில் நடுவே 4 புள்ளி வைத்து, இருபுறமும் 3, 2, 1 எனக் குறைத்து, எண்ணச் சொல்லுங்கள். 16 வரும். நடுவே 5 வைத்தால் 25 வரும். ஏன் என்று பிள்ளை கேட்கும். நாலு நாலு பதினாறு, ஐந்து ஐந்து இருபத்தைந்து என்ற பெருக்கல் வாய்பாடு அந்த வாயிற்படியிலேயே முளைக்கும். எண்ணுப் பெயர்களையும் பாருங்கள். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும்; இருபத்து மூன்று என்றால் இரு பத்தும் மூன்றும். தொண்ணூறு போன்ற சில நீங்கலாக, நம் எண்ணுப்பெயர் தானே கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உரிய பெயர்களில் பத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிள்ளைக்குக் காட்ட முடியுமா?

முற்பகலில் கடைக்குச் செல்லும்போது மூன்று பிள்ளைகளையும் அழைத்துத்தான் செல்ல வேண்டியிருக்கும். அதுவும் வகுப்பே. உக்கடம் மீன் சந்தையில் அரைக்கிலோவுக்கும் கால்கிலோவுக்கும் விலை கேட்டுப் பழகட்டும். தெருவில் கடைப்பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்துத் தமிழாய் இருக்கும்; சொல் தமிழாய் இராது. ‘மொபைல் சர்வீசு’ என்று படித்த பிள்ளையிடம், அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேளுங்கள். பெரியகுளக் கரையில் நின்று நீர்க்காகத்தையும் கூழைக்கடாவையும் நாமக்கோழியையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள். பெயர் தெரிந்த பறவையைப் பிள்ளை மறப்பதில்லை, குளத்தையும் மறப்பதில்லை.

நண்பகலில் கைக்குழந்தை உறங்கும் பொழுதுதான் இவ்வீட்டின் பொன்னான பொழுது. புதிய பாடத்தை அப்போது வைத்துக் கொள்ளுங்கள். அரைமணி போதும். படிக்கவும் எழுதவும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதை அந்த அரைமணியில் முடித்துவிட்டு, ஏனைய பொழுதை அதன் பயிற்சிக்கே விடுங்கள். பல்லாங்குழியும் அப்போதே. 14 குழி, குழிக்கு 5 கொட்டை, மொத்தம் 70. குழந்தை விழித்ததும் கொட்டைகளை எடுத்து உயரே வைத்து விடுங்கள். தவழும் பிள்ளையின் வாய்க்குள் புளியங்கொட்டை போய்விடக் கூடாதன்றோ! தொட்டில் ஆட்டும்போது தாலாட்டோடு கதையும் விடுகதையும் வரட்டும். அவை கைக்குழந்தைக்குத் தாலாட்டு, நடுவனுக்குச் சொல்வளம், மூத்தவளுக்கு இலக்கியம். ஒரே பாட்டில் மூன்று வகுப்பு நடத்தும் திறம் எந்த ஆசிரியருக்கு உண்டு?

மாலையில் உறவுமுறை கற்பியுங்கள். அப்பாரு, ஆத்தா, அப்புச்சி, அம்மாயி என்று தந்தைவழியையும் தாய்வழியையும் தனித்தனியே பெயரிட்டுப் போற்றும் கொங்குத் தமிழ் இது. மாமனும் சிற்றப்பனும் பெரியப்பனும் ‘அங்கிள்’ என்னும் ஒரே சொல்லுக்குள் புதைந்துபோக விடலாமா? உறவின் பெயர் மறைந்தால் உறவும் மெல்ல மறையும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மூத்தவள் தம்பிக்குக் கற்பிக்கட்டும் என்பதற்கும், மூத்தவளே தம்பியை வளர்க்கட்டும் என்பதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. எத்தனை வீடுகளில் மூத்த பெண்பிள்ளையின் கல்வி தொட்டிற் கயிற்றில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது! பிள்ளை பார்த்துக் கொள்ள ஆளில்லை என்று பள்ளிக்கு நிறுத்தப்பட்ட சிறுமியரின் கண்ணீரை யார் அளந்தார்? வீட்டுக் கல்வி என்ற பெயரால் அந்தப் பழிக்கு மீண்டும் வாயில் திறந்துவிடக் கூடாது. மூத்தவள் தம்பிக்குக் கற்பிக்கும் பொழுது ஒரு நாளில் கால்மணியோ அரைமணியோதான். தொட்டிலை ஆட்டும் முறை தந்தைக்கும் உண்டு. வேலை முடிந்து வரும் தந்தை, இளைய குழந்தையைத் தோளில் வாங்கிக் கொண்டால், அதுவே மூத்தவளுக்கு அவர் வாங்கித் தரும் பெரிய நூல்.

பள்ளியைப் புறக்கணிக்குமாறு சொல்வதாகவும் யாரும் பிழைபட உணர வேண்டா. முழுதும் வீட்டிலேயே கற்பிப்போர் சிலர். பள்ளிக்கும் அனுப்பி வீட்டிலும் கற்பிப்போர் பலர். ஆறு முதல் பதினான்கு அகவை வரை கல்வி ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று 2009ஆம் ஆண்டின் சட்டம் நிறுவியது. 1956இல் பகலுணவும், 1982இல் சத்துணவும், 2022இல் காலையுணவும் ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைக்க வந்தவை. மக்கள் போராடிப் பெற்ற அந்தப் பள்ளியை இழக்கலாகாது. ஆனால் பள்ளி எத்தனை உயர்ந்தாலும், அது தாய் இட்ட அடித்தளத்தின் மேல் எழும் மேல்மாடியே. அடித்தளம் தமிழாய் இருந்தால் மேலே ஆங்கிலமும் பிற மொழிகளும் அறைகளாய் அமையும். அடித்தளமே அயலாய் இருந்தால் வீடு முழுதும் வாடகை வீடே!

ஆற்றுப்பாலத்தைக் கடந்து சென்றால் குறிச்சிக் குளக்கரையில் திருவள்ளுவர் சிலை ஒன்று நிற்கிறது. கல்லாலன்று, தமிழ் எழுத்துகளாலேயே ஆக்கப்பட்ட சிலை. வரும் ஞாயிறன்று மூன்று பிள்ளைகளையும் அங்கே அழைத்துச் செல்லுங்கள். மூத்தவள் தனக்குத் தெரிந்த எழுத்துகளைத் தேடட்டும். கண்டதைத் தம்பிக்குக் காட்டட்டும். இடுப்பிலிருக்கும் குழந்தையும் கை நீட்டட்டும். அப்போது அருகே நிற்கும் தாயைப் பார்த்து யாரேனும், பிள்ளைக்கு எழுத்துக் கற்பித்தது யார் என்று கேட்டால், அவள் தலை நிமிர்ந்து விடை சொல்லட்டும்:

“நான்தானுங்க!”

அந்த ஒரு சொல் கொங்கு நாட்டுத் தெருவெல்லாம் ஒலிக்கும் நாளே, தமிழ் தன் வீட்டுக்குத் திரும்பிய நாள். அந்நாளை உங்கள் வீட்டு முறத்து மணலில் இன்றே எழுதத் தொடங்குங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ் வீடுகள்!